சுண்ணாம்பு டீச்சரும் பாலத்துக்காரர் கட்டிய பள்ளிக்கூடமும்

ஆசிரியர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது பிள்ளைகளின் பிறப்புரிமை. அதில் கல்வித்துறையே வந்தாலும் தலையிட முடியாது. அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சுண்ணாம்பு டீச்சர். வேதியியல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்ட பெயர். தலைமையாசிரியை ஆன பிறகும் உதிரவில்லை. பெயர் வைத்தவர்களின் பிள்ளைகளும் வந்து அதே பெயரைச் சொல்லித்தான் அவருக்குப் பயந்தார்கள்.

காரணம் ஒரு சோதனை. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, உறிஞ்சுகுழல் வைத்து ஊதச் சொல்வார். ஊத ஊதத் தண்ணீர் பாலாக வெளுக்கும். வகுப்பே ஆவென்று வாயைப் பிளக்கும். அப்போது அவர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "காத்து பட்டாத்தான் சுண்ணாம்பு கல்லாகும். எழுதிக்கோ." வருஷா வருஷம் இதே வாக்கியம், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. தையல்காரரான அவர் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் அறிவியலே படிக்காதவர், அவருக்கே அது மனப்பாடம்.

வெண்கலக் குரல். மைதானத்தின் அந்தக் கோடியில் சண்டை போடுகிற பையன், இந்தக் கோடியில் அவர் தொண்டையைச் செருமினால் கையைக் கீழே போட்டுவிடுவான். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அந்த மூக்கு நல்லதையும் மோப்பம் பிடிக்கும். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது, எந்தப் பெண்ணுக்கு வீட்டில் படிப்பை நிறுத்தப் பேச்சு நடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். கடைத்தெருவின் பின்சந்துகளில் காய் விற்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுப் பெண்கள் ஒரு காலத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள். இவர் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார். கெஞ்சுவது அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. சண்டைதான். "பொண்ண அனுப்புறியா, இல்ல நான் இங்கயே உக்காரட்டுமா?" என்று வாசலில் உட்கார்ந்துவிடுவார். தொல்லை தாங்காமல் அனுப்பினார்கள். அனுப்பிய பெண்களில் நர்ஸ் உண்டு, வக்கீல் உண்டு, இன்றைக்கு அதே பள்ளியில் கணக்கு எடுக்கிற டீச்சரும் உண்டு.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் கட்டடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை.

ஆதியில் அந்த ஊரின் பள்ளிக்கூடம் ஒரு தானியக் கிடங்கில் நடந்தது. அறுவடை முடிந்து மூட்டைகள் வந்து இறங்கினால் படிப்புக்கு விடுமுறை. ஒரு வருஷம் விளைச்சல் அமோகமாகப் போய், பிள்ளைகள் பாதி வருஷம் தெருவில் நின்றார்கள். அப்போதுதான் ஊருக்கு ரோசம் வந்தது. சூளைக்காரர்கள் செங்கல் தந்தார்கள். வண்டிக்காரர்கள் கூலி வாங்காமல் மணல் அடித்தார்கள். கையில் ஒன்றும் இல்லாதவர்கள் முறை வைத்துக்கொண்டு சுண்ணாம்பு அரைத்தார்கள். எல்லாம் இருந்தது, கட்டத் தெரிந்த ஆள்தான் இல்லை. பக்கத்து ஆற்றில் பாலம் கட்டிக்கொண்டிருந்த ஓவர்சியர் ஒருவரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். மனிதர் ஆயுளில் ஒரு வீடுகூடக் கட்டியதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாலம். ஆகவே பள்ளிக்கூடத்தையும் பாலமாகவே கட்டிவிட்டார்.

நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் இரண்டடுக்குக் கட்டடம். வராந்தா முழுக்க வளைவுகள், ஆற்றின்மேல் நிற்கிற பாலத்துக்கு இருக்குமே அதே வளைவுகள். சுவரின் கனத்தில் ஒரு ஆள் குறுக்கே படுத்துத் தூங்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரெதிரே ஜன்னல்கள், கூரைக்குக் கீழே வட்ட வட்டமாய்க் காற்றுத் துளைகள், வாசல் தோறும் மழைத் தண்ணீர் ஓட ஒரு சின்னக் கால்வாய். வருவது எதுவானாலும் தடுக்காதே, அது போக ஒரு வழி விடு என்பது பாலம் கட்டுகிறவர் கணக்கு. மாடியில் ஒரே நீள ஹால். அதன் மரத்தளத்தைச் சுமக்கிற உத்திரங்கள் இரண்டு பக்கச் சுவருக்குள்ளும் தலையைச் சொருகிக்கொண்டு நிற்கும்.

ஜன்னல்கள் மட்டும் வேடிக்கையாக முழங்கால் உயரத்தில் இருக்கும். கட்டிய காலத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் படித்தார்கள். உட்கார்ந்திருப்பவன் முகத்துக்குக் காற்று வரட்டும் என்று ஓவர்சியர் அளவெடுத்து வைத்தார். பின்னால் பெஞ்சு வந்தது. அன்றிலிருந்து முழங்காலுக்குக் காற்று, மூளைக்குப் புழுக்கம் என்று ஆகிவிட்டது. நம் டீச்சர் தபால்காரரின் மகளாக அங்கே படிக்கச் சேர்ந்தபோது சின்ன வகுப்புகளுக்கு இன்னும் தரைதான். ஜன்னலோரம் உட்கார்ந்து, பாதிக் கண் பாடத்திலும் பாதிக் கண் தெருவிலுமாகத்தான் அவரும் படித்தார். பின்னால் தன் வகுப்பில் தெருவை வேடிக்கை பார்த்த பிள்ளைகளை அவர் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு நீண்ட விடுமுறையிலும் பிள்ளைகளும் பெற்றோரும் வந்து, தங்கள் தங்கள் வகுப்பறைக்குத் தாங்களே வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பைக் கரைத்து, வடிகட்டி, நார் மட்டையால் அடிப்பது. எந்த வகுப்பு அதிகம் வெளுக்கிறது என்று போட்டி வேறு. வீடு திரும்பும்போது எல்லார் தலையும் நரைத்திருக்கும். டீச்சர் மாணவியாக அடித்தார், ஆசிரியையாக அடித்தார், தலைமையாசிரியை ஆனபின் ஏணிக்குக் கீழே நின்று மேலே ஏறியவர்களை ஏசினார்.

அவர் தலைமையாசிரியை ஆன சில வருஷங்களில் அது நடந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கண்ணில் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. டீச்சர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். அவர்தான் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். தெய்வாதீனமாகப் பார்வை தப்பியது. ஆனால் அந்தப் பிள்ளை அலறிய சத்தம் டீச்சரின் காதை விட்டுப் போகவில்லை.

அதையடுத்துப் பள்ளிக்கு நூறு வயசு நிறைந்தது. பழைய மாணவர் சங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தது. சங்கத் தலைவர் டீச்சரிடமே படித்தவர். படித்த காலமெல்லாம் கடைசி பெஞ்சை விட்டு அசையாதவர் என்பதால் 'கடைசி பெஞ்சு' என்றே அவருக்குப் பெயர். இப்போது ஊரிலேயே பெரிய சிமெண்ட் வியாபாரி. பெரிய மனிதராகி, முடி கொட்டி, தொந்தியும் போட்ட பிறகும் டீச்சர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார். அவருக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

"டேய் கடைசி பெஞ்சு, இந்த வெள்ளையடிக்கிற வேலையே இனிமே இருக்கக் கூடாது. சுவர் மொத்தத்துக்கும் சிமெண்ட் பூசி, நல்ல பெயின்ட்டா அடிச்சுடு. எந்தப் பிள்ளை கண்ணுலயும் இனி ஒண்ணும் தெறிக்கக் கூடாது."

"சிமெண்ட் என் பொறுப்பு டீச்சர். நீங்க சொல்லிட்டீங்கல்ல, விடுங்க," என்றார் அவர். சொன்னதோடு நிற்கவில்லை. தன் கடையைக்கூடக் கவனிக்காமல் வெயிலில் நின்று பூச வைத்தார்.

கட்டடம் புதுப்பெண் மாதிரி பளபளத்தது. ஊரே வந்து பார்த்து மெச்சியது. அத்தனை பேரும் டீச்சரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவர் வாழ்நாள் சாதனை அது என்று சங்கத்தில் பேசினார்கள். நியாயமான பாராட்டுதான். நல்ல மனசோடுதான் செய்தார்.

சில மழைக்காலங்கள் போயின. சுவரில் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாய் எழும்பியது. குத்தினால் உள்ளிருந்து உப்புப் பொடி கொட்டும். டீச்சர் இன்னும் கெட்டியான பெயின்ட்டாகப் பார்த்து அடிக்கச் சொன்னார். அடுத்த வருஷம் கொப்பளம் இன்னும் பெரிதானது. கீழறைகளில் ஒரு பூஞ்சை வாடை. மாடி ஹாலில் பிள்ளைகள் நடந்தால் தளம் லேசாகத் துள்ளியது. துள்ளுகிறது என்பதற்காகவே இன்னும் நாலு பேர் குதித்துப் பார்த்தார்கள்.

டீச்சர் கட்டடத் துறைக்குச் சொல்லி அனுப்பினார். ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிற ஒரு இன்ஜினியர் வந்தார். மாடிக்குப் போய், உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு திருப்புளியை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது.

"மேடம், மாடி ஹாலை இன்னைக்கே பூட்டிடுங்க. கீழேயும் ரெண்டு வகுப்பை வெளிய கொட்டகைக்கு மாத்திடுங்க. சுவர் பூரா ஈரம் ஏறிப் போயிருக்கு. என்ன பண்றது, வயசாயிடுச்சு. கட்டடத்துக்கும் ஆயுசுன்னு ஒண்ணு இருக்கே. இடிக்கத்தான் எழுத வேண்டியிருக்கும்."

"வயசானா இடிச்சுடுவீங்களா? அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட். என்னை என்ன பண்றதா உத்தேசம்?"

இன்ஜினியர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். டீச்சர் சிரிக்கவில்லை. பூட்டை எடுத்துவரச் சொன்னார்.

சேதி பரவியதும் கடைசி பெஞ்சு ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது. அழுது முடித்ததும் வியாபாரி வியாபாரிதான், உடனே அடுத்த வேலைக்குத் தாவிவிட்டார். இருக்கிற இடம் நெருக்கடி, இன்றைய விதிப்படி அங்கே புதுசாகக் கட்ட அனுமதி கிடைக்காது. பெரிய சாலைக்கு அப்பால் சங்கத்துக்கு ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே கட்டலாம் என்றார்.

"புதுக் கட்டடத்துக்கு உங்க பேருதான் டீச்சர். சங்கத்துல எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. வாசல்ல, தூரத்துலேர்ந்து படிக்கிற மாதிரி, பெரிய எழுத்துல."

உள்ளதைச் சொல்ல வேண்டும். டீச்சருக்கு அது பிடித்திருந்தது. தபால்காரர் மகளின் பெயர் ஒரு பள்ளிக்கூட வாசலில்! அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது வழியிலிருந்த கடைப் பலகைகளையெல்லாம் அண்ணாந்து பார்த்தபடியே போனார். எந்த எழுத்து தனக்குப் பொருந்தும் என்றுகூட ஒரு கணம் யோசித்தார். கடைத்தெரு மூலை திரும்பியபோதுதான் நெஞ்சில் முள் தைத்தது. பின்சந்துப் பெண்கள் பெரிய சாலையைத் தாண்டி எப்படிப் போவார்கள்? தாய்மார்கள் வேலைக்குப் போகிற வழியில் பள்ளி இருப்பதால்தானே அவர்கள் வருகிறார்கள்? சங்கம் வேன் விடும் என்று சொல்கிறார்கள். வேன் முதல் மாசம் வரும். அப்புறம் டிரைவருக்குக் காய்ச்சல் வரும். அதற்கடுத்து அந்தப் பெண்கள் வீட்டோடு நின்றுவிடுவார்கள். ஆனால் வயசாகிவிட்டது என்று கற்றவரே சொல்லும்போது டீச்சர் என்ன செய்வார்? விதியே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அவர் பேசாமல் இருந்ததே அதிசயம். அது நெடுநாள் நீடிக்கவில்லை.

வேதியியல் ஆசிரியர் ஒருநாள் வரவில்லை. வகுப்பு கொட்டகையில் நடந்தது. டீச்சரே சாக்பீஸோடு போனார். பாடம் சுண்ணாம்பு. பழைய உற்சாகம் தொற்றிக்கொண்டது. குழாயில் தண்ணீர், கையில் உறிஞ்சுகுழல், ஒரு பெண் ஊதினாள், தண்ணீர் வெளுத்தது, வகுப்பு வாயைப் பிளந்தது. டீச்சர் வழக்கமான வாக்கியத்தை எடுத்தார்.

"காத்து பட்டாத்தான் சுண்ணாம்பு…"

அதோடு நின்றுவிட்டார். மிச்சம் வரவில்லை. கொட்டகைக்கு எதிரே பளபளவென்று நின்ற பெயின்ட் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சுண்ணாம்பு டீச்சர் பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்தியது அந்தப் பள்ளியின் சரித்திரத்திலேயே இல்லை. பிள்ளைகள் அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோனார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம், தான் தினமும் சாய்ந்து நின்ற சுவருக்கும் பொருந்தும் என்று அவருக்கே தோன்றாமல் போயிருக்கிறது. அந்தச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் காற்றில் அதை வெளியே விட்டுவிடும், நூறு வருஷம் அப்படித்தான் நின்றது. இவர் போய், அது மூச்சு விட முடியாதபடி மேலே சிமெண்ட்டைப் பூசி, அதற்கு மேல் பெயின்ட்டையும் அடித்திருக்கிறார். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலேறி உத்திரத்தின் தலையைத் தின்றிருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் கைப்பையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்காரர் எதிரே போய் நின்றார்.

"ஏங்க, ஈரச் சட்டை மேல ரெயின்கோட்டைப் போட்டு, கழட்டாமலே விட்டா என்ன ஆகும்?"

"சட்டை நாறிப் போகும். இத்துப் போகும். உடம்பும் வெந்துடும். எந்த மடையன் அப்படிப் போட்டான்?"

"நான்தான் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு."

மிஷின் நின்றது. அவர் முழுவதையும் சொல்லி முடித்தபின் வீட்டுக்காரர் நூல்கண்டைக் கையில் உருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "வயசுன்னு இன்ஜினியரே சொல்லிட்டாரு. உன் பேர வேற வைக்கப் போறாங்க. நுணலும் தன் வாயால் கெடும்னு நீயே ஏன் போய் மாட்டிக்கிற? யாருக்கும் தெரியாதும்மா."

"யாருக்கும் தெரியாததாலதாங்க பள்ளிக்கூடம் போகப் போகுது."

 வீட்டுக்காரர் மனைவியை அறிந்த மனிதர். எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

தெரிந்துவிட்டது, ஆனால் நிரூபிக்க வேண்டுமே. டீச்சருக்கு எதையும் சோதனை செய்து காட்டினால்தான் திருப்தி. நீண்ட விடுமுறை தொடங்கிய மறுநாள் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, மிகவும் மோசமாயிருந்த ஆறாம் வகுப்பறையின் ஒரு சுவரில் மட்டும் உள்ளும் புறமும் சிமெண்ட்டைக் கொத்திவிடச் சொன்னார். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. செங்கல் நிர்வாணமாக, சேறு மாதிரி கருத்து நின்றது. எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தார். விடுமுறை முழுக்கத் தினமும் வந்து, நோயாளிக்கு நெற்றி தொட்டுப் பார்ப்பதுபோல் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பள்ளி திறப்பதற்கு முன்பு இன்ஜினியரை வரவழைத்தார். கொத்திய சுவரைப் பார்த்ததும் மெதுவாகப் பேசுகிற மனிதருக்கே குரல் உயர்ந்தது.

"யாரைக் கேட்டுக் கொத்தினீங்க மேடம்? ஏதாவது ஆகியிருந்தா?"

"யாரையும் கேக்கல. திட்டுறதை அப்புறம் திட்டுங்க. முதல்ல தொட்டுப் பாருங்க."

தொட்டார். சாவியால் செங்கல் இடுக்கைச் சுரண்டினார், ஒன்றும் உதிரவில்லை. பக்கத்துச் சுவரில் சிமெண்ட் பெயர்ந்திருந்த ஓட்டையில் சாவியை விட்டுச் சுரண்டினார், ஈர மண்ணாகக் கொட்டியது. திரும்பவும் இந்தச் சுவர், திரும்பவும் அந்தச் சுவர். பிறகு சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் தப்பா சொல்லிட்டேன் மேடம். இது வயசு இல்ல. உத்திரத்தை மாத்தி, பூச்சை எடுத்துட்டா இது இன்னும் ஒரு நூறு வருஷம் நிக்கும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா இதை முடிவு பண்ற ஊர்க் கூட்டத்துல காரணம் கேப்பாங்க. யாரு பூசச் சொன்னதுன்னு கேப்பாங்க. புதுக் கட்டடம் வேணும்னு எல்லாரும் ஆசையா இருக்காங்க, சும்மா விட மாட்டாங்க. நான் சொல்றதா, நீங்க சொல்றதா?"

"பாடம் தப்பா நடத்தினது நான். நீங்க எதுக்குத் திருத்தணும்?"

ஹால் பூட்டியிருந்ததால் கூட்டம் முற்றத்தில் நடந்தது. பெற்றோர், பழைய மாணவர்கள், துறை அதிகாரிகள் என்று நல்ல கூட்டம். கடைசி பெஞ்சு புதுக் கட்டடத்தின் மாதிரியை அட்டையில் செய்து மேசைமேல் வைத்திருந்தார். வாசலில் டீச்சரின் பெயர் குட்டி எழுத்தில் இருந்தது. அவர் பேசினார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும், எங்களுக்கெல்லாம் சுவராய் நின்றவர் டீச்சர் என்றார். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

டீச்சர் எழுந்தார்.  

"கை தட்டாதீங்க. உக்காந்து கேளுங்க. இந்தக் கட்டடத்தைக் கெடுத்தது வயசு இல்ல. நான்தான்."

 அவர் வகுப்பு எடுப்பதுபோல் எல்லாவற்றையும் சொன்னார். சுண்ணாம்புச் சுவர் எப்படி மூச்சு விடும், சிமெண்ட் அதை எப்படி மூடும், ஈரம் எப்படி உத்திரத்துக்கு ஏறும். "நான்தான் பூசச் சொன்னேன். கொப்பளம் வந்தப்பவும் நான்தான் திரும்ப அடிக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை கண்ணுல சுண்ணாம்பு பட்டுச்சு, பயந்துட்டேன். பிள்ளைங்களுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கலாம். நான் சுவரையே மூடிட்டேன். இத இடிக்க வேண்டாம். என் பேர்ல எதுவும் கட்டவும் வேண்டாம். ஆறாம் வகுப்புக்குப் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க."

பின்னாலிருந்து ஒரு தகப்பன் எழுந்தார். "அப்ப எங்க பிள்ளைங்க ஒரு வருஷமா கொட்டகையில வெந்துக்கிட்டு இருக்கிறது உங்களாலயா?"

"ஆமாங்க. என்னாலதான்."

சமாதானம் சொல்ல எத்தனையோ வார்த்தை இருந்தது. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய இடத்தைத் தும்பிக்கையால் சுட்டிக்காட்டுகிற யானையை யார் பார்த்திருக்கிறார்கள்?

கடைசி பெஞ்சின் முகம் செத்துப்போயிருந்தது. அட்டைக் கட்டடத்தைத் தூக்கி இடுக்கிக்கொண்டு, டீச்சரின் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டார்.

மற்றவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள். துறையும் ஒத்துக்கொண்டது. இடிப்பதில்லை, பழுது பார்ப்பது என்று உத்தரவு வந்தது. உத்திரங்கள் மாற்றப்பட்டன. அறை அறையாகப் பூச்சைக் கொத்தத் தொடங்கினார்கள். பிள்ளைகள் மாறி மாறிக் கொட்டகையில் இருந்தார்கள். டீச்சரும் தன் மேசையைக் கொட்டகைக்கே மாற்றிக்கொண்டார். பின்சந்துப் பெண்கள் ஒருத்தி குறையாமல் வந்தார்கள். காலையில் அவர்கள் உள்ளே நுழைவதைப் பார்க்கிறபோதெல்லாம் டீச்சருக்கு வயிறு நிறைந்தது.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? புத்தி பிசகிவிட்டது என்றார்கள் சிலர். நல்ல பெயர் வாங்க இப்படியும் ஒரு வழியா என்றார்கள் சிலர். சங்கத்திலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை. கடைசி பெஞ்சு தெருவில் எதிர்ப்பட்டால் அடுத்த பக்கம் மாறிப் போனார். டீச்சருக்கு எல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது. அவன் ஆசையாய்க் கொடுத்ததை ஊர் நடுவில் குற்றமாக்கிவிட்டோமே என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அவருடைய கடைசி வேலை நாள் வந்தது. ஆசிரியர்கள் டீயும் பிஸ்கட்டும் வைத்து, இரண்டு வார்த்தை பேசி அனுப்பினார்கள். புதுத் தலைமையாசிரியையிடம் சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் நடந்தபோது, பத்தாம் வகுப்பறையிலிருந்து கொத்துகிற சத்தம் வந்தது. வேலையாட்கள் போயிருக்க வேண்டிய நேரம். எட்டிப் பார்த்தார். கடைசி பெஞ்சு. நல்ல வெள்ளைச் சட்டை பாழாகி, புருவமெல்லாம் தூசியாகி, மூச்சு வாங்க ஒரு சுத்தியலால் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா பண்ற?"

"நான் குடுத்த சிமெண்ட்டை நானே எடுக்கிறேன் டீச்சர்." திரும்பாமலே சொன்னார்.

"கோவம் தீர்ந்துச்சா? உன் சிமெண்ட்டை அத்தனை பேர் முன்னாடி குறை சொல்லிட்டேன்னு…"

"அதுக்கா கோவம்?" இப்போது திரும்பினார். பெரிய மனிதரின் உதடு சின்னப் பையன் மாதிரி நெளிந்தது. "அன்னைக்கு நான்தான் நான்தான்னு சொன்னீங்களே, ஒரு தடவையாவது நாங்கன்னு சொன்னீங்களா? மூட்டை மூட்டையா கொண்டு வந்து இறக்கினது யாரு? வெயில்ல நின்னு பூச வச்சது யாரு? நூறாவது வருஷத்துல பாராட்டினாங்களே, அப்ப என் கையைப் பிடிச்சு மேடைக்கு இழுத்துட்டுப் போனீங்க. தப்புன்னு வந்ததும் என்னை விட்டுட்டு நீங்க மட்டும் போய் நின்னுட்டீங்க. அங்கயே எழுந்து நானும்தான்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. பயந்துட்டேன். அந்த வெக்கத்துலதான் உங்க மூஞ்சில முழிக்க முடியாம சுத்துறேன்."

டீச்சர் கடைசி பெஞ்சைக் காப்பாற்றியதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.  அந்த வெண்கலக் குரல்காரர், ஊரே பார்க்க நின்று பேசியபோது அழாதவர், அந்தத் தூசிக்குள் நின்று தேம்பித் தேம்பி அழுதார். டீச்சர் அழுவதைப் பார்த்துக் கடைசி பெஞ்சும் அழுதார். பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை, இரண்டு பேருக்கும் கண்ணீர் தூசியில் கோடு போட்டுவிட்டது.

டீச்சர்தான் முதலில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, தப்புல பாதி எடுத்துக்கோ. பாதிதான். அதுக்கு மேல ஒரு துளி கிடையாது."

"பாதி போதும் டீச்சர்."

"அப்ப இந்தப் பக்கச் சுவர் என்னுது," என்று சொல்லிக் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு சுத்தியல் எங்கே என்று தேடத் தொடங்கினார்.